அப்பா பிரான்ஸில் காலமானார்: நொத்தேர் அனுப்பிய புரோக்குரேஷனில் கையெழுத்துப் போடலாமா?

கேட்டவர்: முத்தியால்பேட்டை மகள்

வணக்கம். அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், சொல்தா (பட்டாளத்து) பென்ஷன் வாங்கியவர். பாரிஸ் பக்கம் சார்செலில் குடியிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் அங்கேயே காலமானார். உயில் எழுதியதாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு 72 வயது, புதுச்சேரியில்தான் இருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர். அண்ணன் பிரான்ஸில், பிரெஞ்சுக் குடிமகன். நானும் தம்பியும் இங்கே, இந்தியக் குடியுரிமை.

சொத்து: சார்செலில் ஒரு அப்பார்ட்மென்ட், மதிப்பு சுமார் 1,70,000 யூரோ. லிவ்ரே ஆ என்ற சேமிப்புக் கணக்கில் ஏறத்தாழ 22,000 யூரோ. முத்தியால்பேட்டையில் அப்பா பெயரில் ஒரு வீடு, இன்றைய விலை 60 லட்சம் போகும்.

அங்குள்ள நொத்தேர் (பத்திரங்கள் எழுதும் பிரெஞ்சுச் சட்ட அலுவலர்) 6 பக்கத்துக்கு ஒரு புரோக்குரேஷன் (பவர் பத்திரம்) அனுப்பி, "கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று கேட்டிருக்கிறார். முழுக்க பிரெஞ்சு. கோன்சுலாவில் (பிரெஞ்சுத் துணைத் தூதரகம்) போய்ப் போட்டுவிடலாமா? வரி எவ்வளவு வரும்? இங்குள்ள வீட்டுக்கும் அந்த நொத்தேர்தான் பத்திரம் போடுவாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

———

பழைய எத்தாசிவில்:

உங்கள் இழப்புக்கு என் அனுதாபம், சகோதரி. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் அந்தத் தாள் எதற்கு அதிகாரம் கொடுக்கிறது என்று படிக்கச் செய்யுங்கள்.

வழக்கமாக இரண்டு வகை வரும். ஒன்று, "ஆக்த் தெ நொத்தோரியெத்தே" என்கிற வாரிசுப் பத்திரம் எழுத மட்டும் அதிகாரம் தருவது. இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று அதில் நொத்தேர் பதிவு செய்வார். இதில் கையெழுத்திட்டதனால் மட்டும் நீங்கள் சொத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகாது; பிரெஞ்சு சிவில் சட்டமே அப்படிச் சொல்கிறது. இன்னொன்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது: வாரிசுரிமையை ஏற்பது, வீட்டை விற்பது, பணத்தை வாங்குவது, பணம் பெற்றதற்குச் செல்லுச்சீட்டு கொடுப்பது வரை. 6 பக்கம் என்கிறீர்கள், எனவே இரண்டாவதாக இருக்கலாம். அதில் "ப்யூர்மான் எ சேம்ப்ளமான்" என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடுங்கள். "நிபந்தனையில்லாமல் ஏற்கிறேன்" என்று அர்த்தம். கடன் சொத்தைவிட அதிகமாக இருந்தால் உங்கள் கைப்பணத்திலிருந்தும் கேட்பார்கள்.

வாரிசுக்கு மூன்று வழி உண்டு. முழுதாக ஏற்கலாம், சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குள் மட்டும் கடனுக்குப் பொறுப்பு என்று ஏற்கலாம், வேண்டாம் என்று விலகலாம். இறந்த நாளிலிருந்து 4 மாதம் வரை "முடிவு சொல்" என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அதற்குப் பிறகு கடன்காரரோ மற்றொரு வாரிசோ முறைப்படி கேட்டால் 2 மாதத்துக்குள் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் முழுதாக ஏற்றதாகிவிடும்.

கையெழுத்தே போடாமலும் ஏற்றதாக ஆகலாம், கவனம். அப்பாவின் காரை விற்பது, வீட்டுச் சாமானைப் பங்கு போட்டு எடுப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இறுதிச் சடங்குச் செலவைக் கட்டுவது சேராது. அண்ணனிடம் அப்பாவின் வங்கி அட்டை இருந்தால் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கணக்கில் அவருக்குக் கொடுத்திருந்த அதிகாரம் அப்பா இறந்த அன்றே முடிந்துவிட்டது. சடங்குச் செலவை மட்டும் பில்லைக் காட்டி அப்பா கணக்கிலிருந்தே வங்கி மூலம் நேரடியாகக் கட்டலாம். அதற்கு ஏறத்தாழ 6,000 யூரோ என்று ஒரு வரம்பு உண்டு.

கடன் என்ன இருக்கும் என்று நொத்தேரிடம் எழுதிக் கேளுங்கள்: அப்பார்ட்மென்ட் கட்டடத்தின் பொதுச் செலவு பாக்கி, ஆஸ்பத்திரி பாக்கி, வரி பாக்கி. முக்கியமாக, அப்பா பென்ஷனோடு ஆஸ்பா என்ற முதியோர் உதவித்தொகையும் வாங்கினாரா? அது திரும்ப வசூலிக்கப்படும் பணம். நிகரச் சொத்து 39,000 யூரோவைத் தாண்டினாலே கேட்டார்கள். 2023 செப்டம்பரில் அந்த வரம்பை 1,00,000 ஆக்கி, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திவருகிறார்கள். உங்கள் அப்பாவின் சொத்து அதைத் தாண்டுகிறது, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

அடுத்து கோன்சுலா. 2019 ஜனவரி 1 முதல் பிரெஞ்சு கோன்சுலாக்கள் நொத்தேர் வேலை செய்வதில்லை. முன்பு புதுச்சேரி மரைன் வீதிக் கோன்சுலாவில் போய் நொத்தேர் பத்திரத்துக்கு நிகராகக் கையெழுத்துப் போட்டு வந்தார்கள், அந்த வழி இப்போது இல்லை. இரண்டு வழி இருக்கிறது. நொத்தேர் சம்மதித்தால் வீடியோ மூலம் எலெக்ட்ரானிக் கையெழுத்து. 2020 நவம்பர் ஆணைக்குப் பிறகு புரோக்குரேஷனுக்கு இது செல்லும். இல்லாவிட்டால் இங்குள்ள நோட்டரி வக்கீல் முன் கையெழுத்து, பிறகு அரசு அங்கீகாரம், அதற்கு மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் (வெளிநாட்டில் செல்லுபடியாகச் செய்யும் சான்று முத்திரை). சென்னையில் கிடைக்கும்.

இதில் காகிதம் திரும்பி வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். நம் நோட்டரி பழக்கதோஷத்தில் "உண்மை நகல்" முத்திரையைக் குத்திவிடுவார். பிரான்ஸில் அதற்கு மதிப்பில்லை. "இன்னார், இந்தப் பாஸ்போர்ட் எண்ணுள்ளவர், என் முன்னிலையில் இந்தத் தேதியில் கையெழுத்திட்டார்" என்று எழுதி முத்திரை வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள அதே கையெழுத்து. பாஸ்போர்ட்டில் தமிழில் போட்டிருந்தால் இங்கேயும் தமிழில்தான்.

———

கணக்கர் லாஸ்பேட்டை:

மேலே சொன்னது சரி. வரிக் கதையை நான் சொல்கிறேன்.

அப்பா பிரான்ஸில் குடியிருந்தவர் என்பதால் உலகத்தில் எங்கே சொத்து இருந்தாலும் பிரான்ஸ் அதைக் கணக்கில் சேர்க்கும். முத்தியால்பேட்டை வீடும் அந்த வாரிசு வரிப் படிவத்தில் ஏற வேண்டும். "இந்தியாவில் உள்ளதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள், அது தப்பு. இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி என்ற இறந்தவர் சொத்து வரி 1985-இலேயே ஒழிந்துவிட்டதால், இங்கே கட்டியதை அங்கே கழிக்கவும் வழியில்லை.

ஆனால் பயப்படத் தேவையில்லை, போட்டுப் பார்ப்போம். யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் வீடு 60,000. அப்பார்ட்மென்ட் 1,70,000, வங்கி 22,000. மொத்தம் 2,52,000. வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் கொடுக்காவிட்டால் தாங்களாகவே 5 சதவீதம், அதாவது 12,600 கூட்டுவார்கள். சடங்குச் செலவுக்கு 1,500 கழிவு. நிகரம் 2,63,100.

பிள்ளைகள் எல்லாரும் உங்கள் அம்மாவுக்கே பிறந்தவர்கள் என்றால், பிரெஞ்சுச் சட்டப்படி அம்மா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: கால் பங்கு முழு உரிமை, அல்லது முழுச் சொத்திலும் ஆயுள் வரை அனுபவ உரிமை. 71 முதல் 80 வயது வரை அனுபவ உரிமையின் மதிப்பு 30 சதவீதம். அதை அம்மா எடுத்தால் பிள்ளைகள் பங்குக்கு 70 சதவீதம், 1,84,170. மூன்றாகப் பிரித்தால் தலைக்கு சுமார் 61,400. ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,00,000 யூரோ வரை வரி இல்லை. வாழ்க்கைத்துணைக்கு 2007 முதல் வரியே கிடையாது. ஆகவே உங்கள் கணக்கில் வரி பூஜ்யம்.

ஒரு விதிவிலக்கு. கடந்த 15 ஆண்டுக்குள் அப்பா யாருக்காவது பெரிய தொகை தானமாகக் கொடுத்திருந்தால் அந்த 1,00,000-லிருந்து அது கழியும். தம்பிக்கு மனை வாங்க அனுப்பிய பணம் போன்றவற்றை நொத்தேரிடம் மறைக்காதீர்கள்.

வரி பூஜ்யம் என்றாலும் படிவம் கொடுத்தே ஆக வேண்டும். பிரான்ஸுக்குள் இறந்திருந்தால் 6 மாதம், வெளிநாட்டில் இறந்திருந்தால் 12 மாதம். உங்களுக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. வரி வரக்கூடியவர்களுக்குத் தாமதமானால் மாதம் 0.20 சதவீதம் வட்டி, இறந்து ஓராண்டு தாண்டினால் மேலும் 10 சதவீதம் அபராதம்.

அப்பார்ட்மென்ட் மதிப்பைக் குறைத்துக் காட்டலாமா என்று அண்ணன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வரியே வராத இடத்தில் குறைத்து என்ன லாபம்? நாளை விற்கும்போது அந்த மதிப்புதான் உங்கள் வாங்கிய விலை. 1,40,000 என்று காட்டிவிட்டு 1,70,000-க்கு விற்றால், நடுவில் உள்ள 30,000-க்கு லாபவரி 19 சதவீதமும் அதன் மேல் சமூகப் பங்களிப்பு 17.2 சதவீதமும் போகும். 10,000 யூரோவுக்கு மேல் வீண்.

———

பத்திர எழுத்தர் வில்லியனூர்:

முத்தியால்பேட்டை வீட்டுக்கு வருகிறேன். பிரெஞ்சு நொத்தேர் எழுதும் பத்திரம் இங்கே சார்பதிவாளர் முன் செல்லாது. இந்திய மண்ணில் இருக்கும் அசையாச் சொத்துக்கு இந்தியச் சட்டம்தான், இறந்தவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் குடும்பம் 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி ரெனோன்சான் ஆன குடும்பமா? 1962-இல் ஒப்ஷன் (குடியுரிமைத் தெரிவு) கொடுத்துப் பிரெஞ்சுக்காரர் ஆனது வேறு, இது வேறு. அன்று தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1963-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தபோது ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள். கொள்ளுத்தாத்தா காலத்து ஆக்த் (பதிவுப் பத்திரம்) இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: அப்பாவைப் பெற்ற ஆயா உயிரோடு இருக்கிறாரா?

———

முத்தியால்பேட்டை மகள்:

ரெனோன்சான் இல்லை, ஒப்ஷன்தான். தாத்தா பிறப்புச் சான்றில் குடும்பப் பெயர் கிடையாது. நாங்கள் இந்துக்கள். வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. ஆயா இருக்கிறார், 91 வயது. அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

———

பத்திர எழுத்தர் வில்லியனூர்:

ரொம்பவே சம்பந்தம் இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள், தாய். எல்லாருக்கும் சமபங்கு. உங்கள் வீட்டில் ஐந்து பங்கு: அம்மா, நீங்கள் மூவர், ஆயா. பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கு இல்லை. ஆகவே நொத்தேரின் வாரிசுப் பத்திரத்தில் ஆயா பெயர் இருக்காது. அந்தத் தாளை மொழிபெயர்த்து, "இதோ வாரிசுகள்" என்று தாலுகா ஆபீஸில் கொடுத்தால் ஆயா விடுபட்டுப் போவார். சித்தப்பாவோ அத்தையோ பின்னாளில் வழக்குப் போட அது ஒன்றே போதும். ஆயா இருக்கும்போதே செய்துமுடியுங்கள். அவர் காலத்துக்குப் பிறகு அந்த ஐந்தில் ஒரு பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் கிளை பிரியும், பத்துக் கையெழுத்து தேடி அலைய வேண்டிவரும்.

செய்ய வேண்டியது இது. சார்செல் நகராட்சியிலிருந்து இறப்புப் பதிவின் முழு நகல் 4 வாங்குங்கள், கட்டணம் கிடையாது. அங்கேயே அப்போஸ்தில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவில் அதைப் போட முடியாது, எந்த நாட்டுக் காகிதமோ அந்த நாடுதான் போடும். பிறகு இங்கே ஆங்கில மொழிபெயர்ப்பு. அதை வைத்துத் தாலுகா ஆபீஸில் ஐந்து பேர் பெயரோடும் வாரிசுச் சான்று. சார்பதிவாளரிடம் வில்லங்கச் சான்று. அதன்பின் பட்டா மாற்றம், நகராட்சியில் வீட்டு வரிப் பெயர் மாற்றம். யாராவது விட்டுக்கொடுப்பதாக இருந்தால் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம். வாயால் சொன்னதோ வெள்ளைத்தாளில் எழுதியதோ செல்லாது. இந்திய வங்கியில் அப்பா பெயரில் நாமினி இல்லாத பெரிய தொகை இருந்தால் வாரிசுச் சான்று போதாது என்பார்கள், சிவில் கோர்ட்டில் சக்சஷன் சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

பெயர்தான் பெரிய தலைவலி. அப்பாவின் பிரெஞ்சுக் காகிதத்தில் "மு" என்ற எழுத்துக்கு எம்-ஓ-யூ என்று மூன்றெழுத்து இருக்கும், உங்கள் ஆதாரில் தகப்பனார் பெயர் எம்-யூ என்று இருக்கும். சுப்பிரமணியன் அங்கே "சூப்ரமணியேன்" ஆகியிருப்பார். நம் ஊர் பத்திரத்தில் தாத்தா பெயரின் முதலெழுத்து இனிஷியல். பிரெஞ்சுக் காகிதத்தில் அதே தாத்தா பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக நிற்கும். கிளார்க் கண்ணுக்கு இரண்டும் இரண்டு ஆள். ஆரம்பத்திலேயே ஒரு பிரமாணப் பத்திரம் போட்டுவிடுங்கள்: வீட்டுப் பத்திரம், பட்டா, பிரெஞ்சுப் பாஸ்போர்ட், இறப்புப் பதிவு, உங்கள் பிறப்புச் சான்று என்று ஒவ்வொன்றிலும் எழுத்துக்கெழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே வரிசையாக எழுதி, "இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும்" என்று. ஒரு எழுத்து விட்டாலும் திரும்பிவரும்.

அண்ணன் இங்கே வர முடியாவிட்டால் பாரிஸில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்பலாம். அந்தப் பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வந்த தேதிக்கு ஆதாரம் கூரியர் உறைதான், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

———

கணக்கர் லாஸ்பேட்டை:

பணத்தை இங்கே கொண்டுவருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் குடியிருப்பவர், வெளிநாட்டில் குடியிருந்தவரிடமிருந்து வாரிசாக வந்த வெளிநாட்டுச் சொத்தை வைத்துக்கொள்ளலாம், ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. விற்றே ஆக வேண்டும் என்றில்லை. பரம்பரையாக வந்தது வருமானமும் அல்ல, வந்த தொகைக்கு இங்கே வருமான வரி கிடையாது. ஆனால் பங்கு உங்கள் பெயருக்கு வந்த ஆண்டு முதல் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நிரப்ப வேண்டும், அம்மாவும் தம்பியும்கூட. விட்டால் கறுப்புப் பணச் சட்டம் 2015-இன்படி 10 லட்சம் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் முதல் 20 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு அந்த அபராதத்திலிருந்து விலக்கு தந்திருக்கிறார்கள், ஆனால் அசையாச் சொத்துக்கு அந்த விலக்கு இல்லை. உங்களிடம் இருப்பது அப்பார்ட்மென்ட் பங்கு.

நொத்தேர் பணம் அனுப்பும்போது ஒவ்வொருவர் பங்கும் அவரவர் கணக்குக்கே வரட்டும். எல்லாம் அண்ணன் கணக்குக்குப் போய் அவர் அங்கிருந்து அனுப்பினால், பிரெஞ்சு வரித்துறைக்கு அது அண்ணன் கொடுத்த தானமாகத் தெரியும். உடன்பிறந்தோர் தானத்துக்கு அங்கே வரி கடுமை.

———

கடலூர் ஓட்டி:

யாரும் சொல்லாத ஒன்று: அசூரான்ஸ் வீ. அந்த ஆயுள் காப்பீட்டுச் சேமிப்பு வாரிசுச் சொத்தில் சேராது, ஒப்பந்தத்தில் பெயர் எழுதியவருக்கு நேராகப் போகும். நொத்தேர் பட்டியலில் இல்லை என்பதற்காக இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். அஜிரா என்ற அமைப்புக்கு இறப்புச் சான்றோடு எழுதினால் இலவசமாகத் தேடுவார்கள். உங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுங்கள், கேட்டவர் பெயர் இருந்தால் மட்டும்தான் அவருக்குப் பதில் வரும்.

———

பழைய எத்தாசிவில்:

அம்மாவின் பென்ஷனை விட்டுவிட்டோம். அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். சொல்தா பென்ஷனில் விதவைக்கு 50 சதவீதம், வருமான வரம்பு இல்லை. நாந்த் நகரில் உள்ள அரசுப் பென்ஷன் துறைக்கு எழுத வேண்டும். பட்டாளத்துக்குப் பிறகு அப்பா தனியார் வேலை பார்த்திருந்தால் அது தனி விண்ணப்பம்: பொதுத் திட்டத்தில் 54 சதவீதம், அதற்கு வருமான வரம்பு உண்டு. அது இறந்த 12 மாதத்துக்குள் போனால்தான் இறந்த மறுமாதத்திலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள்.

இரண்டுக்கும் அம்மாவின் திருமணம் பிரெஞ்சு எத்தாசிவிலில் (பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடு) ஏறியிருக்க வேண்டும். லிவ்ரே தெ ஃபாமி என்ற பிரெஞ்சுக் குடும்பப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, அம்மா பெயரும் திருமணத் தேதியும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கோயிலில் நடந்து இங்கே பதிவோடு நின்றுபோன கல்யாணம் என்றால் முதலில் அதைக் கோன்சுலா மூலம் ஏற்ற வேண்டும், அதற்குத்தான் மாதக்கணக்காகும்.

அப்பா இறந்த மாதம் வரையிலான பென்ஷன் உங்களுடையது. அடுத்த மாதம் முதல் கணக்கில் விழுந்திருந்தால் அது திரும்பிப் போகவேண்டிய பணம். இரண்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், ஒரு தவணையாவது விழுந்திருக்கலாம். நொத்தேரிடம் சொல்லி அந்தத் தொகையை 22,000-லிருந்து தனியே ஒதுக்கச் சொல்லுங்கள்.